விவாத இழை: அறுகம்பேயில் அலை ஓட்டுகிறவன் பனியில் துள்ளலாமா?

கேள்வி: 3 பெப்ரவரி 2025, பொத்துவிலிலிருந்து ஒரு தம்பி
அண்ணா, சீசனில் நான் இலங்கையின் கிழக்குக் கரை அறுகம்பேயில், புதியவர்கள் பழகுகிற பேபி பொயின்ற்றில் வெளிநாட்டு ஆட்களுக்கு சர்ஃபிங் பழக்குகிறேன். மார்ச்சில் சுவிஸில் பேர்னில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறேன். அத்தான் ஸ்னோபோர்ட் (பனிச்சரிவில் நின்று சறுக்குகிற பலகை) ஓடக் கூட்டிப்போகிறேன் என்கிறார். அலையில் நிற்கிறவனுக்குப் பனியெல்லாம் சும்மா, போன அன்றே ஜம்ப் அடிக்கலாம் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். ஸ்டைலாக ஒரு வீடியோ வந்தால் போதும். ஆனால் கை காலை உடைத்துக்கொண்டு வந்தால் மே மாதம் யார் சோறு போடுவது? நீங்கள் அங்கே இருந்தபோது ஸ்னோபோர்ட் ஓடியவர் என்று கேள்வி, சொல்லுங்கள்.

3 பெப்ரவரி, இரவு
கூட்டாளிமார் சொன்னதில் பாதி சரி. பக்கவாட்டாக நிற்பது, முழங்காலை மடித்து வைத்திருப்பது, காலடியைப் பார்க்காமல் போகிற திசையைப் பார்ப்பது எல்லாம் உனக்கு ஏற்கெனவே வரும். மற்றவன் இரண்டு நாள் முக்குவதை நீ ஒரு காலையில் முடித்துவிடுவாய்.

கெடுக்கப்போவது உன் பின்னங்கால். அலையில் பின்னங்காலை ஊன்றித்தான் பலகையைத் திருப்புகிறாய். பனிச்சரிவில் பாரம் முன்னங்காலில் இருக்கவேண்டும். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்தால் முன்பக்கத்துக்குப் பிடி இல்லாமல் போய், பலகை தன்பாட்டில் வேகம் எடுக்கும். சர்ஃபிங்கில் இருந்து வந்தவர்களை அங்கே தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். எல்லாரும் பின்னால் சாய்ந்துதான் வருவார்கள்.

அடுத்தது விழுகிற விதம். கடலில் பலகையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தண்ணிக்குள் போய்விடுவாய். பனியில் இரண்டு காலும் பைண்டிங்கில் (சப்பாத்தைப் பலகையோடு பூட்டுகிற பட்டி) பூட்டிக் கிடக்கும், பலகை உன்னோடுதான் விழும். கையைப் பின்னால் ஊன்றினாயோ, மணிக்கட்டு போச்சு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் முறிவது அதுதான்.

ஆகவே முதல் நாள் ஜம்ப் இல்லை. எத்தனையாம் நாள் என்றும் கேட்காதே. நீலக் கோடு போட்ட சரிவு ஒன்றை (சுவிஸில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம்) மேலிருந்து கீழ்வரை கால்விரல் பக்க விளிம்பிலும் குதிப் (குதிகால்) பக்க விளிம்பிலும் மாறி மாறித் திரும்பி, நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? அன்றைக்குத் துள்ளு.

4 பெப்ரவரி
"அப்ப சர்ஃபிங்கால் ஒரு பிரயோசனமும் இல்லையா" என்று கீழே ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்னோபோர்டே சர்ஃபிங்கின் பிள்ளைதான். 1965இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் ஷெர்மன் பொப்பன் என்பவர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தன் மகள்மாருக்கு விளையாடக் கொடுத்தார். பனியில் சர்ஃபிங், அவ்வளவுதான் யோசனை. ஜேக் பேர்ட்டன் தன் கம்பனியைத் தொடங்கியது 1977இல். ஒலிம்பிக்குக்குள் போனது 1998, ஜப்பானில் நகானோவில்.

தம்பிக்கு மட்டும் இன்னொன்று. அறுகம்பேயின் பெரிய அலையான மெயின் பொயின்ற் வலதுபக்க அலை, ஓடுகிறவனுக்கு வலப்பக்கமாக உடைந்துபோகும். இடதுகால் முன்னே வைக்கிற ரெகுலர்காரன் அங்கே அலையைப் பார்த்தபடிதான் ஓடுகிறான், விரல் பக்கத் திருப்பம் கண்ணை மூடிக்கொண்டு வரும். கட்பேக் (அலை உடைகிற பக்கத்துக்கே திரும்பி வெட்டுவது) அடித்துப் பழகாதவனுக்குக் குதிப் பக்கம் சவலையாக இருக்கும். பனியில் இரண்டும் சமமாக வேண்டும். நீ எந்தக் கால் முன்னே என்று எழுது.

5 பெப்ரவரி
தம்பி ரெகுலராம். சரி.

7 பெப்ரவரி
போகுமுன் இங்கேயே செய்யக்கூடியவை. நான் கல்லடியில் இருக்கிறேன், இப்போதும் காலையில் கடற்கரையில் சிலதைச் செய்கிறேன். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், விடு.

ஈரமணலில் ஒரு கோடு கீறி அதன்மேல் பக்கவாட்டாக, தோள் அகலத்தை விடக் கொஞ்சம் கூடக் காலை விரித்து நில். இரண்டு கால் விரலும் சற்று வெளியே பார்க்கட்டும். பைண்டிங்கையும் அப்படித்தான் பூட்டச் சொல்லவேண்டும்: முன்னங்கால் பதினைந்து பாகை முன்னுக்கு, பின்னங்கால் அதே அளவோ கொஞ்சம் குறைத்தோ பின்னுக்கு. வாடகைக் கடையில் சிலவேளை இரண்டையும் முன்னுக்குத் திருப்பித் தந்துவிடுவார்கள், அதில் திரும்பி நின்று ஓடுவது கஷ்டம். இப்போது இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே நேரத்தில் விழு. காலடித் தடத்தைப் பார். ஒரு தடம் ஆழமாக, மற்றது மேலோட்டமாக இருந்தால் நீ ஒற்றைக்காலில்தான் இறங்குகிறாய். மணல் பொய் சொல்லாது.

மறுகா அதே கோட்டில் அரைவட்டம் கிறுகிக் குதி. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும். விழும்போது காலும் தோளும் கோட்டுக்கு நேராக இருக்கவேண்டும், பாதியில் நிற்கக்கூடாது.

வீட்டில் பழைய தண்ணிப் பைப்புத் துண்டு இருந்தால் விறாந்தையில் போட்டு அதன்மேல் ஒரு பலகை வைத்து நின்று பழகலாம். சுவர் எட்டுகிற தூரத்தில் செய். சீமெந்துத் தரையில் பின்மண்டை அடிபட்டால் சுவிஸ் போகாமலே கதை முடிந்துவிடும்.

8 பெப்ரவரி
அக்கரைப்பற்றில் இருந்து ஒரு அக்கா கேட்கிறா, "இந்த வெயிலில் இருந்து இதெல்லாம் எதற்கு?" நியாயமான கேள்விதான். நான் பேர்னில் ஹோட்டல் குசினியில் வேலை செய்தபோது, லீவு கிழமை நாளில்தான் கிடைக்கும். நம்மட ஆட்கள் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். தனியாக அறையில் கிடக்காமல், கூட வேலை செய்த பொடியன்களோடு கிரிண்டெல்வால்ட் மலைப்பக்கம் மேலே போய்விடுவேன். கிழமை நாளில் அங்கே கூட்டமும் இராது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை அக்கா.

11 பெப்ரவரி
ஒல்லி, அதாவது ஜம்ப் மேடு இல்லாமலே பலகையை வளைத்து எழும்புவது. மற்ற எல்லாம் இதன்மேல்தான், ஆகவே இதை நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் வீடியோ பார்க்கப் போகலாம்.

மெல்லிய சரிவு, ஆள் இல்லாத ஓரம், ஓடி வருகிற ஆளின் வேகம் போதும். பலகையின் அடி முழுவதும் பனியில் தட்டையாக இருக்கட்டும். விளிம்பில் நின்றுகொண்டு எழும்பினால் ஆகாயத்தில் சரிந்துபோவாய். முழங்காலை மடி. இடுப்பைப் பின்னங்காலுக்கு மேலே நகர்த்து. தோளைச் சாய்க்காதே, தோள் பலகைக்குச் சமாந்தரமாகவே இருக்கவேண்டும். அதே நேரம் முன் முழங்காலை நெஞ்சை நோக்கி இழு. பலகையின் மூக்கு (முன்முனை) எழும்பும், வால் (பின்முனை) பனியில் அழுந்தி வளையும். அந்த வளைவு திரும்ப நிமிர்கிற கணத்தில் பின்னங்காலால் உதைத்து எழும்பு. பிறகு பின் முழங்காலையும் மேலே இழுத்துப் பலகையைத் தட்டையாக்கு. இறங்கும்போது இரண்டு காலும் ஒன்றாக, முழங்கால் மடிந்தபடி.

அங்கே கண்ணை விடக் காதை நம்பு. வால் சரியாக அழுந்தி விட்டால் "டப்" என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றும் இராது. "கர்ர்" என்று உரசல் கேட்டால் நீ வாலை இழுத்திருக்கிறாய், அழுத்தவில்லை. இறங்கும்போது ஒரு சத்தம் கேட்டால் நல்லது. "டப்-டப்" என்று இரண்டாகக் கேட்டால் ஒரு கால் பிந்தி வருகிறது.

இங்கேதான் உன் சர்ஃபிங் பின்னங்காலுக்கு வேலை. ஓடும்போது அதை மறந்திரு, ஒல்லியில் கூப்பிடு.

12 பெப்ரவரி
விளையாட்டுக் கதை இல்லை, கடுதாசிக் கதை. சுவிஸ் போக எடுக்கிற ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள், அதை எடுத்திருப்பாய். அதற்குள் குளிர்கால விளையாட்டு அடங்குமா என்று வாசித்துப் பார். பல மலிவுக் காப்புறுதிகளில் அதை விலக்கி இருப்பார்கள், அல்லது மேலதிகமாகக் கட்டச் சொல்வார்கள். ஹெலிகொப்டர் மீட்பு அடங்குமா என்பதையும் பார். அங்கே மலை மீட்புக்கு ரேகா என்கிற ஹெலிகொப்டர் சேவை, இலக்கம் 1414. போனில் பதிந்து வை.

12 பெப்ரவரி, பிறகு
ஹெல்மெட் வாடகைக்கு எடு, பனிக்கென்றே செய்த ஐரோப்பியத் தர இலக்கம் இஎன் 1077 உள்ளே ஒட்டியிருக்கும். சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். மணிக்கட்டுக் காப்பு வாங்கு, கையுறைக்குள் போகிற அளவா என்று கையுறையோடேயே போட்டுப் பார்த்து வாங்கு. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதே, நனைந்தால் காயாது. சன்கிறீம் பூசு. காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், புதுப்பனி 80 சதவீதம் வரை. கடலில் கறுத்தவன்தானே என்று இருக்காதே, நாடியின் அடிப்பக்கம்கூட எரியும்.

16 பெப்ரவரி
பார்க்குக்குள், அதாவது ஜம்புகள் கட்டி வைத்திருக்கிற இடத்துக்குள், போகிற கதை. நீ ஒல்லி அடித்து, ஓரத்தில் இருக்கிற சின்னப் பனிமேடுகளில் ஏறி இறங்கிய பிறகுதான் இது.

தொடக்க ஜம்ப் அனேகமாக மேசை வடிவம். ஓடிவருகிற வழி, ஏற்றம், ஏற்றத்தின் உதடு (ஆள் ஆகாயத்துக்குப் போகிற முனை), அப்புறம் தட்டையான மேசை, மேசை முடிந்து சரிவு தொடங்குகிற முட்டி, பிறகு இறங்குகிற சரிவு. முட்டியைத் தாண்டிச் சரிவின் மேற்பகுதியில் இறங்கவேண்டும். சரிவில் இறங்கினால் விழுகிற வேகம் முன்னோக்கிய ஓட்டத்தோடு போய்விடும், முழங்காலுக்கு நோகாது. வேகம் போதாமல் முட்டியிலோ மேசையிலோ இறங்கினால் மதகிலிருந்து தார் ரோட்டுக்குக் குதித்த மாதிரி. வேகம் கூடிச் சரிவையும் தாண்டித் தட்டையில் போய் விழுந்தாலும் அதேதான்.

அதனால் ஜம்ப் சரியா பிழையா என்பது உதட்டுக்கு வரும் முன்னமே தீர்ந்துவிடும். ஆகாயத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்த மோசமான விழுகைகள் அனேகமாக ஓடிவருகிற வழியிலேயே தொடங்கியவை. ஒருவன் கடைசி நேரத்தில் பயந்து பிரேக் பிடிப்பான், இன்னொருவன் ஏற்றத்திலேயே திரும்பப் பார்ப்பான்.

முதலில் ஜம்புக்குப் பக்கத்தால் போய் எல்லாவற்றையும் பார். இரண்டாம் தடவை, உன் அளவு ஆள் ஒருவன் எங்கிருந்து தொடங்குகிறான் என்று பார். அதே இடத்தில் இருந்து, பிரேக் இல்லாமல், தட்டையான அடியோடு வா. முதல் ஜம்பில் உதட்டில் உதைக்கவே வேண்டாம், சும்மா மேலே போய்க் கீழே வா. கண் இறங்கும் சரிவில். கை இடுப்பு உயரத்தில்.

ஒழுங்கு: ஒருவர் போன பிறகுதான் மற்றவர். போகுமுன் கையைத் தூக்கிச் சத்தம் போட்டுச் சொல். விழுந்தால் உடனே ஓரத்துக்குப் போ. யாராவது விழுந்து எழும்பாமல் கிடந்தால் உதட்டருகே போய் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வை, மேலே நிற்பவர்களுக்கு விளங்கும்.

17 பெப்ரவரி
டொராண்டோவில் இருந்து ஒருவர்: "வேகம் தெரியாவிட்டால் கூட்டிப் போவதே பாதுகாப்பு, முட்டியில் விழுவதை விட நல்லது." நடுத்தர, பெரிய ஜம்புகளில் ஓடுகிறவர்கள் அப்படிச் சொல்வார்கள், அங்கே அதற்கு நியாயமும் இருக்கிறது. தொடக்க ஜம்பில் மேசை ஒரு சில மீட்டர்தான். கூடின வேகத்தில் வருகிற புதியவன் உதட்டில் பின்னுக்குச் சாய்வான், பலகை முன்னுக்குப் போகும், ஆள் முதுகில் விழுவான். தெரியாத வேகத்தில் போகவே வேண்டாம், பக்கத்தால் இறங்கு. லிஃப்ட் இருக்கிறது, திரும்ப ஏறலாம்.

18 பெப்ரவரி
16ஆம் திகதி எழுதியதற்கு ஒரு ஒட்டு. பார்த்து வைத்த வேகம் நாள் முழுவதும் செல்லாது. காலையில் பனி இறுகி இருக்கும், ஓட்டம் வேகம், விழுந்தால் நோகும். மார்ச்சில் மதியத்துக்கு மேல் இளகும், விழப் பஞ்சு, ஆனால் ஓட்டம் மந்தம். காலையில் தொடங்கிய அதே இடத்தில் இருந்து பின்னேரம் வந்தால் முட்டியில்தான் இறங்குவாய். முகில் மூடி வெளிச்சம் மங்கினால் உதடு எங்கே என்றே தெரியாது. அன்றைக்கு ஜம்ப் இல்லை, கோப்பி குடி.

21 பெப்ரவரி
ஸ்டைல். தம்பி இதற்காகத்தான் வந்தான், நான் இழுத்தடித்துவிட்டேன்.

போன மாதம் அஸ்பனில் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஜப்பான்காரர் ஹிரோத்தோ ஒகிவாரா 2340 பாகை சுற்றி இறங்கினார். ஆறரைச் சுற்று. அதற்கு முன் யாரும் போட்டியில் செய்யாதது. நான் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். ஆனாலும் உண்மையைச் சொன்னால், சுற்றாமல் நேரே போய், பலகையை ஒரு கையால் பிடித்து, ஒரு கணம் அப்படியே வைத்திருந்து, சத்தமில்லாமல் இறங்குகிற ஒருவனைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆசை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஸ்டைலைக் கெடுப்பது கை. பயந்த உடம்பு முதலில் கையைத்தான் சுழற்றும். கை சுழன்றால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் பலகை கோணலாகும், கோணலாக இறங்கினால் விளிம்பு பனியில் கொளுவும். பார்க்க அசிங்கமாக இருப்பதும் ஆளை விழுத்துவதும் ஒரே சங்கதி. அதனால்தான் புதியவர்களுக்கும் சீக்கிரமே பலகையைப் பிடிக்கப் பழக்குகிறார்கள்: கைக்கு ஒரு வேலை கிடைக்கும், உடம்பு சுருண்டு உறுதியாக இருக்கும்.

முதலில் இண்டி என்கிற பிடி. பின்கையால் (பின்னங்கால் பக்கத்துக் கை), விரல் பக்க விளிம்பை, இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில். குனிந்து கையை அனுப்பாதே. முழங்காலை மேலே இழு, பலகை கைக்கு வரும். எட்டவில்லையா, விட்டுவிடு, அது சின்ன ஜம்ப், நேரம் இல்லை. சப்பாத்தைத் தொட்டுவிட்டுப் பிடித்தேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. பின் பைண்டிங்குக்கும் வாலுக்கும் இடையில் பிடிக்கிறவர்களை அங்கே பொடியன்கள் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

22 பெப்ரவரி
மெலன் என்கிற இன்னொரு பிடி பின்கையால் பிடிப்பது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. முன்கை, குதிப் பக்க விளிம்பு, நடுவில். அதே குதிப் பக்கத்தைப் பின்கையால் பிடித்தால் ஸ்டேல்ஃபிஷ். முன்கையால் விரல் பக்கம் என்றால் மியூட். மெலனைப் பிடித்து முதுகை வளைத்துப் பலகையைப் பின்னுக்குத் தூக்கினால் மெதட். அது இப்போதைக்கு உனக்கு வேண்டாம் தம்பி.

22 பெப்ரவரி, இரவு
மெதட் என்றதும் ஞாபகம் வந்தது. 2006 தூரின் ஒலிம்பிக், பெண்கள் ஸ்னோபோர்ட் குறொஸ் (பலர் ஒரே நேரத்தில் ஓடுகிற பந்தயம்) இறுதி. அமெரிக்காவின் லிண்ட்சி ஜாக்கபெலிஸ் வெகு முன்னால். முடிவுக்குப் பக்கத்தில் வந்த ஜம்பில் பலகையைப் பிடித்து ஒரு ஸ்டைல் காட்டினார், விழுந்தார். பின்னால் வந்த சுவிஸ்காரி தன்யா ஃப்ரீடன் தங்கத்தை எடுத்தார். எங்கள் குசினியில் சுவிஸ் பொடியன்கள் இந்தக் கதையைச் சொல்லாத குளிர்காலம் இல்லை. ஜாக்கபெலிஸை வைத்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. 2022இல் பீஜிங்கில், 36 வயதில், அதே போட்டியில் அவர் தங்கம் எடுத்தார். அதைச் சொல்லும்போது அந்தப் பொடியன்களின் சத்தம் குறைந்துவிடும்.

26 பெப்ரவரி
அரைச்சுற்று, 180. தம்பி தனிச் செய்தியில் கேட்டான், எல்லாருக்குமாக இங்கே.

முதலில் வலதுகால் முன்னே வைத்து ஓடத் தெரியவேண்டும். 180 முடிந்ததும் நீ அப்படித்தான் போகப்போகிறாய். அது தெரியாமல் கிறுகுவது, இறங்கத் தெரியாத மரத்தில் ஏறுவது.

ரெகுலர்காரன் இடப்பக்கம் கிறுகினால் ஃப்ரொண்ட்சைட், பாதிச் சுற்றில் நெஞ்சு கீழ்ச்சரிவைப் பார்க்கும். வலப்பக்கம் கிறுகினால் பேக்சைட், பாதியில் முதுகுதான் கீழ்ச்சரிவைப் பார்க்கும். ஃப்ரொண்ட்சைட்டில் தொடங்கு. இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பாதியில் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பது. ஃப்ரொண்ட்சைட்டில் பாதியில் இறங்கினால் விரல் பக்க விளிம்பு கொளுவும், முன்னால் விழுவாய், முழங்கையையும் முழங்காலையும் கொடுத்துத் தப்பலாம். பேக்சைட்டில் பாதியில் இறங்கினால் குதிப் பக்கம் கொளுவும், பின்னால் போய்ப் பின்மண்டை அடிபடும். ஹெல்மெட் இருந்தாலும் கண் இருட்டும்.

உதட்டில் குதிப் பக்கம் ஒரு இம்மி சாய்ந்து, தலையும் முன்தோளும் முதலில் திறக்கட்டும், இடுப்பு பின்னால் வரும். இழுத்துச் சுழற்றாதே, அரைச்சுற்றுக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. முதலில் ஜம்பில் அல்ல, தட்டையில். மணலில் கோடு கீறிக் குதிக்கச் சொன்னது இதற்குத்தான்.

9 மார்ச்
கிரிண்டெல்வால்டுக்கு மேலே ஃபிர்ஸ்ட் மலையில் இருந்து தம்பியின் வீடியோ வந்திருக்கிறது. 2,100 மீட்டருக்கு மேலே, நுவரெலியாவை விட உயரம், மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறான். பரவாயில்லை, முதல் நாள் மெதுவாகப் போ, தண்ணி குடி.

வீடியோவில்: ஒல்லி நன்றாக இருக்கிறது, வால் வளைவது தெரிகிறது. சின்ன ஜம்பில் முதல் மூன்று தடவையும் முன்னங்காலை நீட்டியே வைத்திருக்கிறாய், அதனால் வால் முதலில் தட்டுகிறது. இடக்கை பறக்கிறது. காற்சட்டைப் பட்டியில் பெருவிரலைக் கொளுவிக்கொண்டு பக்கத்துச் சரிவில் ஓடிப்பார், வெட்கமாக இருக்கும், கை அடங்கும். அத்தான் போனைக் குத்தாகப் பிடிக்கிறார், பாதி நேரம் வெறும் வானம்.

10 மார்ச்
எல்லாரும் வாழ்த்துங்கள், போதும். "இன்னும் பெரிசு இல்லையா" என்று கேட்கிறவர்கள் முதலில் தங்கள் வீடியோவைப் போடவும்.

15 மார்ச்
இண்டி வீடியோ பார்த்தேன். பிடித்தது சப்பாத்தை அல்ல, பலகையைத்தான், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இறங்கும்போது ஒரே சத்தம். கை அடங்கிவிட்டது.

நாளைக்குக் கடைசி நாள், பின்னேரம் நடுத்தர ஜம்ப் ஒன்று முயலவா என்று கேட்கிறாய். வேண்டாம். பின்னேரம் பனி இளகி ஓட்டம் மந்தமாக இருக்கும், நடுத்தர ஜம்பின் மேசை நீளம், வேகம் போதாது. கால் வேறு களைத்திருக்கும். காலையில் பனி கொஞ்சம் இளகினதும் அதே சின்ன ஜம்பில் ஃப்ரொண்ட்சைட் 180 முயன்று பார், தட்டையில் வந்தால் மட்டும். மத்தியானத்தோடு பலகையைக் கழற்றிக் கடையில் கொடு, வாடகையும் அரைநாள் மிஞ்சும். வீடியோவைப் பக்கத்தில் இருந்து எடுக்கச் சொல், போனைப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்லி அத்தானுக்கு இந்தத் தடவை நீயே காட்டிக்கொடு. மணிக்கட்டுக் காப்பை அங்கே எறிந்துவிட்டு வராதே, இங்கே ஸ்கேட்போர்ட் ஓடுகிற பொடியன்கள் இரண்டு பேர் கேட்கிறார்கள்.